என் பேரில் ஒரு முறைப்பாடும் இல்லை

ஒரு நாட்டில் டொக்டராக இருப்பவர் இன்னொரு நாட்டிலும் டொக்டராக வேண்டுமென்றால் பரீட்சை மட்டும் போதாது. எல்லாம் பாஸ் பண்ணி முடித்த பிறகு, கடைசியில் ஒரு கடிதம் கேட்பார்கள். இவர் இங்கே ஒழுங்காக வேலை செய்தார், இவர் பேரில் எந்த முறைப்பாடும் இல்லை என்று சொந்த நாட்டு மருத்துவ சபை எழுதித் தரவேண்டும். அதுவும் நம் கையில் தரமாட்டார்கள். நேராக அந்த நாட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். ஒரு டொக்டரைப் பற்றிய கடிதத்தை அந்த டொக்டரை நம்பிக் கொடுக்கக்கூடாது என்பதில் எல்லா நாடுகளும் ஒற்றுமையாக இருக்கின்றன.

ஊர் அறிய என் கடிதம் கொழும்பிலிருந்து போனதுதான். ஆனால் கஹவத்தைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். என் அம்மா வெற்றிலையைக் கையில் பிடித்துக்கொண்டு லயம் லயமாக, தோட்டத்து வரிசை வீடுகள் அத்தனையும் ஏறி இறங்கி வாங்கிக் கொடுத்தது அது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிவிடும்.

எங்களுடையது பாதி தேயிலை, பாதி ரப்பர். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா பால் வெட்டினார், நான் படித்துக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தார். மருத்துவ பீடத்துக்கு நான் எடுபட்ட வருடம், தோட்டத்துப் பொடியன்கள் சந்தியில் என் படத்தைப் போட்டு பெனர் கட்டினார்கள். 'எமது தோட்டத்தின் முதல் வைத்தியர்' என்று எழுதியிருந்தது. படிப்புத் தொடங்கும் முன்பே வைத்தியர் ஆக்கிவிட்டார்கள். மழையிலும் வெயிலிலும் என் முகம் வெளுத்து மூக்கு மட்டும் மிஞ்சும்வரை அது அங்கேயே தொங்கியது. கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

பயிற்சியெல்லாம் முடிந்து, தோட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரிக்கு நியமனம் கிடைத்தது. நம்ம புள்ள நமக்காகவே கேட்டு வந்திருக்கு என்று தோட்டமே பேசிக்கொண்டது. நான் கேட்கவில்லை. புள்ளிப் பட்டியலில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லாம் எடுத்துப்போன பிறகு மிஞ்சிய இடம் அது. ஆனால் அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. சும்மா கிடைக்கிற நல்ல பேரை யார்தான் வேண்டாமென்பார்கள்?

பெற்றோலுக்கும் மருந்துக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் முடிந்ததும், என்னோடு படித்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். நானும் கிளம்ப முடிவு செய்தேன். இதற்குப் பெரிய காரணம் ஒன்றைச் சோடித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எல்லாரையும் போல நானும் நன்றாக இருக்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். ஆனால் பெனரில் தொங்கியவள் எந்த முகத்தோடு போய்ச் சொல்வாள்? அதனால் திருடி மாதிரி எல்லாவற்றையும் ஒளித்து ஒளித்துச் செய்தேன். முதல் பரீட்சையைக் கொழும்பில் எழுதினேன். இரண்டாவது பரீட்சைக்கு இங்கிலாந்துக்கே போகவேண்டியிருந்தது. அம்மாவிடம் அதை ட்ரெயினிங் என்று சொல்லி வைத்தேன்.

அந்த இரண்டாவது பரீட்சை ஒரு நாடகம். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே நடிகர்களைக் கூலிக்கு வைத்து நோயாளியாக உட்கார வைத்திருப்பார்கள். நாம் ஒவ்வொரு அறையாகப் போய் அவர்களுடைய நோயைக் கண்டுபிடிக்கவேண்டும். ஓர் அறையில் ஒரு வெள்ளைக்கார அம்மா கையைப் பிசைந்துகொண்டு இருந்தார். சொல்ல வெட்கப்படுகிற மாதிரி நடிப்பது அவர் வேலை. நான் எழுந்து திரையை இழுத்து மூடினேன். கதிரையைக் கிட்டத்தில் போட்டு உட்கார்ந்து, இங்கே நாம் இரண்டு பேர்தான் இருக்கிறோம், அவசரமே இல்லை, உங்களுக்கு எப்படி வருகிறதோ அப்படிச் சொல்லுங்கள் என்று தேன் குழைத்துப் பேசினேன். திரைக்கு ஒரு புள்ளி, கதிரைக்கு ஒரு புள்ளி, தேனுக்கு ஒரு புள்ளி. அந்த அறையில் எனக்கு நல்ல புள்ளிகள் வந்திருந்தன.

என் ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் பகுதியில் திரை கிடையாது. ஒரு நீள மேசையில் நானும் இன்னொரு டொக்டரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். வரிசை மேசையின் விளிம்பு வரைக்கும் வந்து முட்டும். முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலால் பின்னால் நிற்பவர் எட்டிப் பார்ப்பார். வருகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களின் சிங்களவர்கள், நடுவில் நடுவில் எங்கள் தோட்டத்து ஆட்கள். நான் எல்லாரிடமும் ஒரே கேள்வியை ஒரே பாஷையில் கேட்டேன். "மொகத அமாருவ?" என்ன வருத்தம் என்று அர்த்தம்.

இதில் என்ன தப்பு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துத் தமிழர்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. கடையில் சிங்களம், பஸ்ஸில் சிங்களம், சண்டை பிடித்தால் அதிலேயும் பாதி சிங்களம். பிறகு எதற்கு எனக்கு மட்டும் தனியாக ஒரு தமிழ்? உண்மைக் காரணம் வேறு. தமிழில் ஓர் ஆளோடு நாலு வார்த்தை பேசினால், வரிசை முழுக்க என்னைத் தோட்டத்துப் பெண்ணாகப் பார்ப்பது போல எனக்கு ஒரு கூச்சம் வரும். அப்படி யாராவது பார்த்தார்களா என்று கேட்டால், தெரியாது. நான் நிமிர்ந்து பார்த்தால்தானே தெரியும்.

பரீட்சை பாஸாகி அந்தக் கடிதத்துக்கு விண்ணப்பித்த பிறகுதான் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். லீவு நாளில் வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்துக்கொண்டே, பெரிய விஷயம் இல்லாத மாதிரி சொன்னேன். அம்மா அழவில்லை, திட்டவும் இல்லை. இங்கிலாந்து எங்கே இருக்கிறது, எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப இங்க பேரு வெட்டிருவாங்களா?"

தோட்டத்தில் வளராதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். தோட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரு பதிவுதான். செக்ரோல் என்கிற பேர்ப் பதிவேட்டில் பேர் இருந்தால் வேலை உண்டு, வீடு உண்டு. இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய வேண்டுமானால் இங்கே பேரை வெட்டவேண்டும். வெட்டுவதற்கும் முன்னாலே, இந்த ஆள் இங்கே யாரோடும் வில்லங்கம் இல்லாமல் போகிறார் என்று பழைய தோட்டம் துண்டு கொடுக்கவேண்டும். துண்டு என்பது எங்கள் பாட்டன்மார் காலத்துப் பேச்சு. சட்டமெல்லாம் எப்போதோ மாறிவிட்டது. ஆனால் அம்மா பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கல்யாணமாகி வந்தவர். அவர் பேரை இங்கே மாற்றும்போது அங்கே இழுத்தடித்தார்களாம். பீலியில் தண்ணீர் பிடிப்பதில் கங்காணி பெண்சாதியோடு அம்மாவுக்குச் சண்டை. கடைசியில் வெற்றிலை கொண்டுபோய் அந்தப் பொம்பளையிடம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் கடிதம் கிடைத்தது. புதுப் பெண் கல்யாணச் சேலையோடு போய்க் கேட்டதாக அம்மாவே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ரெண்டு இடத்திலும் பேர் இருக்கும், ஒன்றையும் வெட்டமாட்டார்கள் என்று நான் சொன்னேன். அம்மா நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரு ஆளுக்கு எப்படி ரெண்டு தோட்டம் என்றார். நான் பொறுமை இழந்து, என் பேரில் ஒருத்தரும் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை என்று கொழும்பிலிருந்து ஒரு கடிதம் வரவேண்டும், அது வந்தால் போதும் என்று சுருக்கமாக முடித்தேன். நோயாளிகளுக்கு விளக்குகிற அதே அவசரம். யாரிடமும் சொல்லவேண்டாம் என்று ஒரு கட்டளையும் போட்டேன். அம்மா தலையை ஆட்டினார். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லியிருக்கக் கூடாது, அப்படித்தானே என்று மட்டும் திருப்பிக் கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியில் ஒரு விசித்திரம் தொடங்கியது. எங்கள் தோட்டத்து ஆட்கள் மருந்துத் துண்டை வாங்கிக்கொண்டு போகும்போது மெதுவாகக் குனிந்து, எங்க வீட்டுல இருந்து ஒண்ணும் வராது டொக்டரம்மா, பயப்படாதீங்க என்றார்கள். ஒருவர் இல்லை, மாற்றி மாற்றிப் பலர். என்ன வராது, எதற்குப் பயம் என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காய்ச்சல் பிதற்றல் என்று நினைத்து ஒருவருக்கு மறுபடி சூடு பார்த்தேன்.

விளக்கியவர் எங்கள் பகுதியில் வேலை செய்யும் அட்டெண்டன்ட் அக்கா. சிங்களப் பெண், வெள்ளை மனசு. மிஸ், உங்கள் அம்மா வந்து மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு நீங்கள் எனக்கு என்ன செய்தீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் லீவில் இருந்த நாளில் அம்மா ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கிறார். சிங்கள ஆட்கள் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்கும்போது கொடுப்பது போல, வெற்றிலைக் கட்டை இரண்டு கையாலும் நீட்டி, என் மகள் ஏதாவது கோபத்தில் சொல்லியிருந்தால் மனதில் வைக்காதீர்கள், கொழும்பிலிருந்து கேட்டால் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் என்று நல்ல சிங்களத்தில் கேட்டிருக்கிறார். மருந்து கொடுக்கும் பெண்ணுக்கு ஒரு கட்டு. காவல்காரருக்கு ஒரு கட்டு. பக்கத்தில் உட்காரும் டொக்டருக்கும் ஒரு கட்டு. அவர் வெற்றிலை போடுவதில்லை, ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டாராம். ஆக, நான் போகப்போகிறேன் என்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியமாகிவிட்டது, தெரிந்துவிட்டது என்பது எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

அன்றைக்கே வீட்டுக்குப் போய்க் கத்தினேன். யார் கேட்டது உங்ககிட்ட, என் மானத்தை வாங்கிட்டீங்களே என்று என்னென்னவோ சொன்னேன். அம்மா அடுப்பை ஊதி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"நீதானே பாப்பா சொன்ன, ஒருத்தரும் ஒண்ணும் சொல்லியிருக்கக் கூடாதுன்னு. கொழும்புக்காரன் கேக்குறதுக்கு முந்தி நாம போயி கேட்டுட்டா முடிஞ்சிருமில்ல."

பிறகு எந்தெந்த வீட்டில் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குற்றம் சொல்கிற தொனியே இல்லை. சந்தைக்குப் போய் வந்தவர் விலை சொல்வது போலச் சொன்னார். மேல் லயத்துப் பெரியவர், கடைசிவரை புள்ள தலை நிமிந்து மூஞ்சியப் பாக்கல என்றாராம். இன்னொரு வீட்டில், கிளினிக் கொப்பியைத் தூக்கிப் போட்டிச்சி, கீழ விழுந்து நனைஞ்சிருச்சி என்றார்களாம். இன்னொருத்தி, குழந்தைக்கு ரெண்டாம் தடவை வந்ததற்கு நான் எரிந்து விழுந்ததைச் சொன்னாளாம். எல்லாரும் கடைசியில், பரவால்ல, நம்ம புள்ளதானே என்று வெற்றிலையை வாங்கிக்கொண்டார்களாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு வீட்டிலாவது, உங்க மக எங்கள ஒண்ணும் சொல்லலியே, எதுக்கு வெத்தல என்று கேட்டிருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒரு வீடு வரவே இல்லை.

"கீழ் லயத்து அத்த மட்டும் வாங்கல" என்றார் அம்மா. "அவளே வந்து கேக்கட்டும்னுட்டா."

கீழ் லயத்து அத்தை சொந்தத்தில் அத்தை இல்லை. அம்மாவோடு ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுத்தவர். அம்மா நேரம் பிந்தி வரும் நாளில் எனக்குச் சோறு போட்டவர். அவரை நான் என்ன சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவர் ஆஸ்பத்திரிக்கு வந்ததே நினைவில்லை. கொழும்புக் கடிதம் இன்னும் வராமல் இருந்தது. அது வர எல்லாருக்கும் நாள் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மாவுக்கு அது அத்தையின் முடிச்சு. அவ சரின்னு சொல்றவரைக்கும் அங்கிருந்து வராது பாரு என்று அடித்துச் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, அம்மா நீட்டிய வெற்றிலையை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன். இரண்டு நாட்டுப் பரீட்சையும் பாஸானவளுக்கு உள்ளுக்குள் அவ்வளவு பயம்.

அத்தை வாசலில் உட்கார்ந்து கங்குன் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மெலிந்திருந்தார். நான் போய் நின்றேன். அவர் நிமிரவில்லை. கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மொகத அமாருவ?"

பகிடி பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்படியே என் குரல், என் அவசரம். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவும் இல்லை. பிறகுதான் தமிழுக்கு வந்தார்.

"இப்பிடித்தான் கேட்ட. நான் தமிழ்லதான் பேச்ச எடுத்தேன். நீ தல நிமிராம சிங்களத்துல கேட்ட."

உங்களுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியுமே அத்தை என்று ஏதோ முனகினேன்.

"ஒன்னவிட நல்லாத் தெரியும். அதுவா இப்ப பேச்சு? எனக்குப் பின்னால பூரா கிராமத்து ஆம்பளைங்க. ஒனக்குப் பக்கத்துல இன்னொரு டொக்டர். அந்த எடத்துல ஒரு மறைப்பு கெடையாது. தமிழ்ல சொன்னா ஒனக்கு மட்டுந்தான் கேக்கும்னு நெனச்சி வந்தேன் பாப்பா. நீ அதையும் எடுத்துட்ட."

அதனால் சிங்களத்தில் எல்லாரும் கேட்கக்கூடிய ஒரு நோயைச் சொல்லியிருக்கிறார். படே தெவில்ல, வயிற்றெரிச்சல். நான் அதற்குக் குளிசை எழுதிக் கொடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன். சித்திரைக்கு முன்னால் நடந்தது என்றார். இப்போது ஆடியும் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் எங்கேயும் போகவில்லை. கூச்சத்தை அடக்கிக்கொண்டு ஒருதரம் வந்தாயிற்று, இன்னொருதரம் முடியவில்லை என்றார்.

அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டேன். மாசம் நின்று எத்தனையோ வருஷம் ஆன பிறகு திரும்பவும் படுகிறது என்றார். முதலில் கொஞ்சம்தான், இப்போது சேலையில் தெரிகிற அளவு. சொல்லிவிட்டு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

வைத்தியம் படிக்காதவர்களுக்குச் சொல்கிறேன். இது வந்தால், வேறு ஒன்றும் இல்லை என்று உறுதியாகும் வரைக்கும் கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றுதான் நினைக்கவேண்டும். ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. மாணவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடங்களில் ஒன்று. அந்த வெள்ளைக்கார நடிகையும் இதையேதான் நடித்தார். நான் திரையை மூடி, கதிரையை இழுத்துப்போட்டு, கண்டுபிடித்துப் புள்ளி வாங்கிய நோய் இதுதான். நடிகை என்னிடம் சொன்னார். அத்தையால் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேனா என்றுகூட நினைவில்லை. வெற்றிலையை மறந்து கையிலேயே வைத்திருந்திருக்கிறேன். கொண்டு வந்ததைக் குடு என்று அத்தைதான் கேட்டு வாங்கினார். வாங்கிக்கொண்டு, சரி, என் பக்கத்துலேருந்து ஒண்ணும் வராது, போ என்றார். நான் போகவில்லை. உட்கார்ந்து, கேட்கவேண்டியதையெல்லாம் தமிழில் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். அவ்வளவு நேரம்கூட எடுக்கவில்லை.

இரண்டு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். அத்தைக்கு வந்திருந்தது நாங்கள் பயந்ததுதான். ஆனால் வெளியே பரவவில்லை. கர்ப்பப்பையை எடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார், இன்றைக்கும் இருக்கிறார். என் கடிதமும் போய்ச் சேர்ந்தது. இப்போது எனக்கு இரண்டு நாட்டிலும் பேர் இருக்கிறது. இரண்டையும் என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் சந்தோஷப்படவேண்டியவள், இன்னும் அந்தப் பெரியாஸ்பத்திரியில் ஒரு காலை நேரத்திலேயே நிற்கிறேன்.

கடிதம் அப்போது வந்திருக்கவில்லை. அத்தையை நானே அந்தப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெல்மதுளைச் சந்தியில் பஸ் மாறினோம். அத்தை நல்ல சேலை கட்டியிருந்தார். வழியெல்லாம் என் கல்யாணத்தைப் பற்றியும் இங்கிலாந்துக் குளிருக்கு என்ன உடுப்பாய் என்றும் கேட்டுக்கொண்டு வந்தார், தன் வருத்தத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. கிளினிக்கில் விசேட வைத்தியர் என்னை டொக்டர் என்று தெரிந்ததும் உள்ளே அழைத்து, தனக்குப் பக்கத்தில் கதிரை போட்டார். அத்தை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். நான் இந்தப் பக்கம்.

அவர் கெட்டிக்காரர், கையும் மெதுவான கை. பரிசோதித்து முடித்துவிட்டு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு சிங்களத்தில் கேட்டார். இத்தனை மாதமாக இரத்தம் போயிருக்கிறது, ஏன் வைத்துக்கொண்டு இருந்தீர்கள்? ஒரு டொக்டரிடமும் காட்டவில்லையா?

அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, அவ்வளவு சுத்தமான சிங்களத்தில் சொன்னார். "நேஹெ மஹத்தயா, இல்லை ஐயா. யாருக்கும் காட்டவில்லை. நாங்கள் தோட்டத்து ஆட்கள்தானே, எங்களுக்கு இதெல்லாம் விளங்காது."

விளங்காதாம். முதல் மாதமே வந்து வரிசையில் நின்றவருக்கு விளங்காதாம்.

விசேட வைத்தியர் பெருமூச்சு விட்டார். பேனாவை மூடிவிட்டு என் பக்கம் சாய்ந்து, தன் ஆளிடம் சொல்வது போல இங்கிலீஷில் சொன்னார். இந்தத் தோட்டத்து ஆட்களே இப்படித்தான் டொக்டர், முற்றின பிறகுதான் கொண்டுவருவார்கள், நாம் என்ன செய்ய முடியும்.

என்கிட்ட வந்தாங்க, நான்தான் கேட்கவில்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். இங்கிலீஷில் சொல்லியிருக்கலாம், சிங்களத்தில் சொல்லியிருக்கலாம். நானும் அந்தத் தோட்டத்துப் பெண்தான் என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்குக் கொழும்புக் கடிதம்தான் கண் முன்னால் வந்தது. நான் தலையை ஆட்டினேன். ஆமாம் டொக்டர், என்ன செய்ய முடியும் என்று தலையை ஆட்டினேன்.

அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் தலையாட்டுவதற்குப் பாஷை தேவையில்லை.

வெளியே வந்து, இரத்தப் பரிசோதனைக்குப் போகும் நடைபாதையில் அவரை ஒரு வாங்கில் உட்கார வைத்தேன். பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. துண்டுகளைச் சரிபார்ப்பது போல நின்றுகொண்டிருந்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். யாருக்கும் கேட்காத மெல்லிய குரலில், தமிழில் சொன்னார்.

"உங்கம்மாகிட்ட சொல்லிரு பாப்பா. பெரிய டொக்டரே கேட்டாரு, நான் ஒண்ணும் சொல்லலன்னு."